பதின்ம வயதுப் பிள்ளைகளின் மனநெருக்கடி: அக்கம்பக்கத்தார் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஆசிரியர்கள், விளையாட்டுப் பயிற்சியாளர்கள், பக்கத்து வீட்டுக்காரர்கள், பெற்றோர்கள், எங்கள் அக்கம்பக்க நெருக்கடி உதவிக் குழுவில் புதிதாகச் சேரும் தன்னார்வலர்கள் என எல்லோரும் திரும்பத் திரும்பக் கேட்கும் சந்தேகங்கள் இவை. கேட்டவர்களின் வார்த்தைகளை அப்படியே விட்டிருக்கிறோம். ஒரு பிள்ளை இப்போதே ஆபத்தில் இருந்தால் மற்றதெல்லாம் பிறகு. நேராக 6-ஆம் கேள்விக்குப் போங்கள்.

1. "நெருக்கடி உதவின்னா கவுன்சிலிங்தானே? அதுக்குப் படிச்சவங்க இல்ல வேணும்?"

கவுன்சிலிங் வாரக்கணக்கில், மாதக்கணக்கில் நடப்பது. அதற்குப் படித்தவர்கள்தான் வேண்டும். நெருக்கடி உதவி அடுத்த சில மணி நேரத்துக்கானது, மிஞ்சினால் இரண்டு மூன்று நாள். அந்தப் பொழுதைப் பிள்ளை தனியாக இல்லாமல், உயிரோடு கடக்க வைத்து, சிகிச்சை தரக்கூடியவர் கையில் ஒப்படைப்பதோடு வேலை முடிகிறது. முறிந்த காலைக் கட்டை வைத்துக் கட்டுபவர் எலும்பு மருத்துவராக இருக்க வேண்டியதில்லை. காலை அசைக்கக் கூடாது என்று தெரிந்திருந்தால் போதும்.

முதல் ஒரு மணி நேரத்திலேயே பிள்ளையின் மொத்த வாழ்க்கையையும் சரிசெய்யப் புறப்படுவதுதான் நாம் அதிகம் பார்க்கும் தவறு. பரீட்சை, காதல், அப்பாவோடு சண்டை எல்லாம் அப்படியே இருக்கட்டும். இன்று ராத்திரி பாதுகாப்பாக விடிய வேண்டும். அதுதான் வேலை.

2. "இந்த வயசுல எல்லாரும் மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டுத்தான் இருப்பாங்க. எதுக்குக் கவலைப்படணும், எதை விட்டுடலாம்?"

மற்ற பிள்ளைகளோடு ஒப்பிடாதீர்கள். ஆறு மாதத்துக்கு முன்பு இதே பிள்ளை எப்படி இருந்தது என்பதோடு ஒப்பிடுங்கள். உயிராகச் செய்த விளையாட்டையோ பாட்டையோ விட்டுவிடுவது, தூக்கம் தலைகீழாவது, குளிக்காமல் கிடப்பது, சிநேகிதர்களை ஒவ்வொருவராக வெட்டுவது, காரணம் பிடிபடாத தலைவலி, வயிற்றுவலி. இவற்றில் சில சேர்ந்து இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் அது வெறும் மூடு இல்லை. பதின்ம வயதில் மனச்சோர்வு பல நேரம் சோகமாகவே தெரியாது. எரிச்சலாக, கதவை அறைவதாக, எதற்கெடுத்தாலும் சண்டையாக வரும். அதனால்தான் "திமிர்" என்று பெயர் வைத்துவிட்டு நகர்ந்துவிடுகிறோம்.

சில அடையாளங்களுக்கு இரண்டு வாரம் காத்திருக்கவே கூடாது. "நான் இல்லாட்டி உங்களுக்கெல்லாம் நிம்மதி" என்கிற மாதிரிப் பேச்சு, ரொம்பப் பிடித்த பொருளைச் சும்மா தூக்கிக் கொடுப்பது, வளர்ப்புப் பூனையை "இனி நீ பாத்துக்கோ" என்று தம்பியிடம் ஒப்படைப்பது, சாவு பற்றி இணையத்தில் தேடுவது. இன்னொன்று: பல நாள் தவித்த பிள்ளை ஒரு காலையில் காரணமில்லாமல் அமைதியாகிவிடுவது. நிஜமாகவே தேறியிருக்கலாம், ஒரு முடிவுக்கு வந்துவிட்டதால் வந்த அமைதியாகவும் இருக்கலாம். நிம்மதிப் பெருமூச்சு விடும் முன் கேட்டுவிடுங்கள்.

3. "தற்கொலை பத்திக் கேட்டா, இல்லாத நெனப்ப நாமளே கிளப்பிவிட்ட மாதிரி ஆகாதா?"

ஆகாது. இதைச் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். நியூயார்க் மாநிலத்தின் 6 உயர்நிலைப் பள்ளிகளில் 2,342 மாணவர்களிடம் நடந்த ஆய்வு 2005-ல் வெளியானது. தற்கொலை எண்ணம் பற்றிக் கேட்கப்பட்ட பிள்ளைகளுக்கு, கேட்கப்படாத பிள்ளைகளைவிட மனவேதனையோ தற்கொலை எண்ணமோ கூடவில்லை. ஏற்கெனவே மனச்சோர்வில் இருந்தவர்களுக்கு வேதனையும், முன்பு முயற்சி செய்தவர்களுக்குத் தற்கொலை எண்ணமும் சற்றுக் குறைந்தே இருந்தன.

4. "சரி, கேக்குறேன். ஆனா என்ன வார்த்தையில கேக்குறது?"

முதலில், எப்படிக் கேட்கக் கூடாது என்பது. "தப்பா ஒண்ணும் பண்ணிக்க மாட்டியே?" இந்தக் கேள்விக்கு "மாட்டேன்" என்பதைத் தவிர வேறு பதில் கிடையாது. பதிலை நாமே வாயில் ஊட்டிவிட்டுக் கேட்கிறோம். இப்படிக் கேளுங்கள்: "இவ்வளவு கஷ்டம் இருக்கும்போது செத்துடலாமான்னு சில பேருக்குத் தோணும். உனக்கு அப்படித் தோணியிருக்கா?" 'தற்கொலை', 'சாவு' என்ற சொற்களை அப்படியே சொல்லுங்கள். சுற்றி வளைத்தால், இதைப் பற்றிப் பேசக்கூட இவருக்குப் பயம் என்று பிள்ளைக்குப் புரிந்துவிடும்.

அதற்குப் பிறகு வரிசையாக. தற்கொலை ஆபத்தைக் கணிக்க உலகெங்கும் தன்னார்வலர்களும் பயன்படுத்தும் கொலம்பியா அளவுகோல் போகும் வழி இதுதான்: தூங்கினால் எழுந்திருக்கவே வேண்டாம் என்று தோன்றுகிறதா? தற்கொலை எண்ணம் நிஜமாகவே வந்ததா? வந்தது என்றால், எப்படி என்று யோசித்திருக்கிறாயா? செய்துவிட வேண்டும் என்ற எண்ணம் இருக்கிறதா? நாள், இடம், பொருள் எல்லாம் முடிவாகிவிட்டதா? கடைசியாக, இதற்கு முன் எப்போதாவது ஏதாவது செய்திருக்கிறாயா, செய்திருந்தால் அது கடந்த 3 மாதத்திலா? இரண்டாவது கேள்விக்கு "இல்லை" என்று வந்தால் நடுவில் உள்ளவற்றை விட்டுவிட்டுக் கடைசிக் கேள்விக்குப் போகலாம். அதை மட்டும் விட்டுவிடாதீர்கள். "எப்படி" என்று கேட்பது எந்தப் பொருளை அப்புறப்படுத்துவது என்று தெரிந்துகொள்ளத்தான் (10-ஆம் கேள்வி).

5. "ஆமான்னு சொல்லிட்டா? எனக்குக் கையும் ஓடாது காலும் ஓடாது."

உங்கள் முகத்தைத்தான் பிள்ளை முதலில் பார்க்கும். மூச்சை ஒருமுறை இழுத்து விட்டு, "இதை என்கிட்ட சொன்னியே, நல்லது. இப்போ நான் உன்கூடத்தான் இருக்கேன்" என்று மட்டும் சொல்லுங்கள். பிறகு வாயை மூடிக்கொள்ளுங்கள். அந்த மௌனம் அரை நிமிடம் நீண்டாலும் பரவாயில்லை. பெரும்பாலும் நிஜமான பேச்சு அதற்குப் பிறகுதான் வரும்.

"உனக்கு என்னடா குறை?", "அம்மாவ நெனச்சுப் பாத்தியா?", "இதெல்லாம் ஒரு பிரச்சினையா?" மூன்றும் நல்லெண்ணத்தில் வருபவைதான். ஆனால் மூன்றும் பிள்ளையின் தலையில் குற்றவுணர்ச்சியை இன்னொரு படி ஏற்றிவிடும். பேச்சு முடிந்ததும் தனியே விட்டுவிட்டு ஃபோன் பண்ணப் போகாதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்தே பண்ணுங்கள், அல்லது இன்னொருவரை உட்காரவைத்துவிட்டுப் போங்கள்.

6. "எப்போ ஆம்புலன்ஸ், எப்போ நாளைக்குப் பாத்துக்கலாம்?"

ஏதாவது விழுங்கியிருந்தாலோ, ஆழமான காயம் இருந்தாலோ, கையில் பொருளோடு நின்றாலோ உடனே அவசர எண். மாத்திரை விழுங்கிய பிள்ளை "நல்லாத்தான் இருக்கேன்" என்று சிரித்தாலும் மருத்துவமனைக்குப் போயே ஆக வேண்டும். சில மாத்திரைகள் முதல் நாள் ஒன்றுமே காட்டாமல் ஈரலைக் கெடுக்கும், மாற்று மருந்தோ முதல் சில மணி நேரத்தில்தான் நன்றாக வேலை செய்யும். வாந்தி எடுக்க வைக்காதீர்கள். காலி அட்டையையோ பாட்டிலையோ கையோடு எடுத்துப் போங்கள்.

4-ஆம் கேள்வியின் வரிசையில், செய்ய வேண்டும் என்ற எண்ணமோ முடிவான திட்டமோ 3 மாதத்துக்குள் ஒரு முயற்சியோ இருந்தால், காயம் எதுவும் இல்லாவிட்டாலும் அன்றே மருத்துவமனை. அதுவரை கண் மறையவிடக் கூடாது. கழிவறைக்குப் போனாலும் தாழ்ப்பாள் போடாமல் போகட்டும். எண்ணம் இருக்கிறது, செய்யும் நோக்கமும் திட்டமும் இல்லை என்றால் ஒன்றிரண்டு நாளுக்குள் மனநல மருத்துவரையோ ஆலோசகரையோ பார்த்தாக வேண்டும். அன்றிரவே பாதுகாப்புத் திட்டம் எழுதிவிட வேண்டும். எந்த வகை என்று முடிவு செய்ய முடியவில்லையா? ஒரு படி மேலே வைத்துக்கொள்ளுங்கள்.

தொலைபேசி உதவிக்கு: இந்தியாவில் டெலி-மானஸ் 14416, இலங்கையில் 1926, சிங்கப்பூரில் 1767, பிரிட்டனில் 116 123, அமெரிக்காவிலும் கனடாவிலும் 988. பிள்ளைதான் பேச வேண்டும் என்றில்லை. "என் பக்கத்தில் ஒரு பிள்ளை இருக்கிறது, நான் என்ன செய்ய?" என்று நீங்களும் கேட்கலாம்.

7. "யார்கிட்டயும் சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டான். இப்ப என்ன பண்றது?"

உயிர் விஷயத்தில் அந்தச் சத்தியம் செல்லாது, மீறுங்கள். ஆனால் முதுகுக்குப் பின்னால் மீறாதீர்கள். "நான் சத்தியம் பண்ணியிருக்கக் கூடாது, தப்பு என்மேலதான். உன் உயிர் விஷயத்த நான் தனியா வச்சுக்க முடியாது. யார்கிட்ட சொல்லணும்னு ரெண்டு பேரும் சேர்ந்து முடிவு பண்ணலாமா?" சொல்வதா வேண்டாமா என்பது பிள்ளையின் கையில் இல்லை. யாரிடம், எப்போது, யார் வாயால், எந்த அளவுக்கு என்பதெல்லாம் பிள்ளையின் கையில் இருக்கட்டும். காதலன் பெயர், எந்தப் பாடத்தில் தோற்றது போன்றவை பாதுகாப்புக்குத் தேவையில்லை என்றால் அவை ரகசியமாகவே இருக்கலாம்.

8. "பிரச்சினையே அப்பா அம்மாதான்னு சொல்றா. அவங்ககிட்டயே போய்ச் சொல்லணுமா?"

இரண்டு நிலைமைகளைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. திட்டுவார்கள், ஃபோனைப் பிடுங்குவார்கள், மானம் போச்சு என்பார்கள் என்ற பயம் ஒன்று. அப்படியானால் சொல்ல வேண்டும். ஆனால் பிள்ளையைத் தனியே அனுப்பாமல் நீங்கள் கூட உட்கார்ந்து சொல்லுங்கள். பெற்றோரிடம் முதல் வாக்கியத்திலேயே வேலையைக் கொடுத்துவிட்டால் திட்டுவதற்கு இடம் குறையும்: "உங்க பொண்ணு பெரிய வலில இருக்கா. இன்னைக்கு ராத்திரி நீங்க செய்ய வேண்டியது மூணு விஷயம்." கூட இருப்பது, பொருள்களைப் பூட்டுவது, மருத்துவரிடம் நேரம் வாங்குவது. அவ்வளவுதான். காரண விசாரணை இன்றைக்கு வேண்டாம்.

வீட்டிலேயே அடி, பாலியல் துன்புறுத்தல் என்றால் கதை வேறு. அந்த வீட்டுக்குத் தகவல் சொல்வதே ஆபத்தாகலாம். குழந்தைப் பாதுகாப்பு அமைப்புக்குத் தெரிவிக்க வேண்டும். பல நாடுகளில் அது சட்டக் கடமையும்கூட. என்ன நடந்தது என்று நீங்கள் துருவித் துருவிக் கேட்காதீர்கள். பிள்ளை சொன்னதைச் சொன்ன வார்த்தையிலேயே, நேரம் போட்டு எழுதி வையுங்கள். பத்துப் பேரிடம் பத்து முறை சொல்லவைப்பது பிள்ளைக்கு இன்னொரு தண்டனை.

9. "பாதுகாப்புத் திட்டம்ங்கிறீங்களே, அது என்ன? 'இனி செய்ய மாட்டேன்'னு எழுதி வாங்குறதா?"

அது இல்லவே இல்லை. எழுதி வாங்கும் உறுதிமொழி வேலை செய்யும் என்பதற்கு ஆதாரம் இல்லை. கையெழுத்துப் போட்ட பிள்ளை, மறுபடி எண்ணம் வரும்போது வாக்கு மீறுகிறோமே என்று வெட்கப்பட்டு வாயைத் திறக்காமல் போகும் ஆபத்துதான் மிச்சம். பாதுகாப்புத் திட்டம் "என்ன செய்ய மாட்டேன்" என்று எழுதுவதில்லை, "என்ன செய்வேன்" என்று எழுதுவது. பார்பரா ஸ்டான்லி, கிரெகரி பிரவுன் என்ற உளவியலாளர்கள் உருவாக்கிய வடிவம் 6 படிகள் கொண்டது: எண்ணம் கிளம்பும் முன் எனக்குள் தெரியும் அறிகுறி, நானே தனியாகச் செய்து கவனத்தைத் திருப்பக்கூடியது, போய் இருக்கக்கூடிய இடமும் ஆட்களும், உதவி என்று கேட்கக்கூடியவர்கள், மருத்துவரும் உதவி எண்களும், சுற்றுப்புறத்தில் ஆபத்தான பொருள் இல்லாமல் செய்வது.

ஒரு பக்கத்துக்குள், பிள்ளையின் கையெழுத்தில், பிள்ளையின் பேச்சு மொழியில் இருக்க வேண்டும். "எதிர்மறை எண்ணங்கள் தோன்றும்போது" என்று எழுதினால் அது உங்கள் திட்டம். "நெஞ்சுக்குள்ள கல்லு மாதிரி இருக்கும், ஃபோன சைலன்ட்ல போட்ருவேன்" என்று எழுதினால்தான் அது பிள்ளையின் திட்டம். இரண்டாம் படியில் "பாட்டுக் கேட்பேன்" என்று வந்தால் விடாதீர்கள். எந்தப் பாட்டு? ராத்திரி 2 மணிக்கு ஹெட்ஃபோன் எங்கே இருக்கும்? அந்தப் பாட்டே அழவைக்குமா? ஒவ்வொரு படிக்கும் "இதை நிஜமாவே செய்வியா, எது தடுக்கும்?" என்று கேளுங்கள். எழுதியதைப் படம் எடுத்து ஃபோனில் வைக்கச் சொல்லுங்கள். நோட்டுக்குள் மடித்த தாள் வேண்டிய நேரத்தில் கிடைக்காது.

10. "பொருள ஒளிச்சு வச்சா என்ன பிரயோஜனம்? வேணும்னா வேற வழி தேட மாட்டாங்களா?"

பெரும்பாலோர் தேடுவதில்லை. உச்சமான நெருக்கடி பலருக்கும் நிமிடக்கணக்கில், மணிக்கணக்கில் ஏறி இறங்குவது. பதின்ம வயதில் இன்னும் வேகமாக. அந்த நேரத்தில் பொருள் கைக்கெட்டாமல் இருந்தால் அலை இறங்கிவிடுகிறது. இலங்கையில் 1995-ல் உச்சத்தில் இருந்த தற்கொலை விகிதம், மிகக் கொடிய பூச்சிமருந்துகளைத் தடை செய்த பின் பத்தாண்டில் பாதியானது. முயற்சி செய்து பிழைத்தவர்களில் பத்தில் ஒன்பது பேர் பிற்பாடு தற்கொலையால் இறப்பதில்லை.

வீட்டில் செய்ய வேண்டியது: எல்லா மாத்திரைகளும், தாத்தாவின் சர்க்கரை மாத்திரை, தலைவலி மாத்திரை உட்பட, பூட்டுக்குள். சாவி ஒரே பெரியவரின் உடம்போடு. அலமாரி மேல் வைத்தால் பிள்ளைக்கு அது உங்களுக்கு முன்பே தெரியும். பிள்ளைக்கான மருந்தை அன்றன்றைக்குக் கையில் கொடுங்கள். பூச்சிமருந்தும் துப்பாக்கியும் வீட்டைவிட்டே வெளியே போகட்டும். 4-ஆம் கேள்வியில் பிள்ளை சொன்ன பொருள் எதுவோ அதுதான் முதலில். திருட்டுத்தனமாகச் செய்யாமல், "கொஞ்ச நாளைக்கு இதெல்லாம் பூட்டி வைக்கிறோம்" என்று சொல்லியே செய்யுங்கள்.

11. "கைய கீறிக்கிறா. சாகணும்னு இல்ல, அப்படிச் செஞ்சா லேசாகுதுங்கிறா. நம்பலாமா?"

அவள் சொல்வது பெரும்பாலும் உண்மையாகவே இருக்கும். தாங்க முடியாத உணர்ச்சியைத் தணிக்க உடல்வலியை நாடுவது தற்கொலை முயற்சி அல்ல. ஆனால் அப்படிச் செய்துகொள்ளும் பிள்ளைகளுக்குப் பிற்காலத்தில் தற்கொலை ஆபத்து அதிகம். அதனால் 4-ஆம் கேள்வியின் வரிசையை இங்கேயும் கேட்க வேண்டும், ஒருமுறை மட்டுமல்ல.

காயத்தைச் சாதாரணக் காயம் போலக் கழுவிக் கட்டுங்கள். கத்தவும் வேண்டாம், அழவும் வேண்டாம். "காட்டு, காட்டு" என்று தினமும் கையைச் சோதித்தால் தொடைக்குப் போகும், அவ்வளவுதான் நடக்கும். "அட்டென்ஷனுக்காகப் பண்றா" என்பவர்களுக்கு ஒன்று: முழுக்கைச் சட்டைக்குள் மாதக்கணக்கில் மறைப்பவள் யாருடைய கவனத்தைத் தேடுகிறாள்? கவனத்துக்காகவே என்றாலும், தோலைக் கீறித்தான் அது கிடைக்கும் என்ற நிலையில் பிள்ளை இருப்பதே கவனிக்க வேண்டியதுதான்.

12. "திடீர்னு மூச்சு வாங்குது, நெஞ்சு படபடங்குது, செத்துடுவேன்னு கத்துறான்."

பேனிக் அட்டாக்காக இருக்கலாம். பத்து நிமிடத்துக்குள் உச்சத்துக்குப் போய்த் தானாக இறங்கும். "ஒண்ணுமில்ல" என்று சொல்லாதீர்கள், அவனுக்கு எல்லாமும் அதுதான். "இது ஏறும், அப்புறம் இறங்கிடும், நான் இங்கதான் இருக்கேன்." மூச்சை ஆழமாக இழுக்கச் சொல்வது தவறு, தலைசுற்றல் கூடும். 3 எண்ணி இழுத்து 6 எண்ணி மெதுவாக விடச் சொல்லுங்கள். நீங்களும் கூடவே விடுங்கள். இதுவே முதல் தடவை என்றாலோ, மயங்கினாலோ, ஆஸ்துமாவோ இதய நோயோ இருந்தாலோ மருத்துவர் பார்த்துவிட்டுத்தான் பெயர் வைக்க வேண்டும்.

13. "யாரோ பேசுற சத்தம் கேக்குதுங்கிறான், நாலு நாளா தூங்கல. பேசிச் சரி பண்ணலாமா?"

முடியாது. இன்றே மருத்துவர். அதுவரை வாக்குவாதம் வேண்டாம். குரல் பொய் என்று நிரூபிக்கவும் வேண்டாம், உண்டு என்று ஒத்துக்கொள்ளவும் வேண்டாம். "அது உனக்குப் பயமா இருக்கும்னு புரியுது" என்பது போதும். குரல் ஏதாவது செய்யச் சொல்கிறதா என்று மட்டும் கேளுங்கள். ஆம் என்றால் 6-ஆம் கேள்வியின் முதல் வகை.

14. "ராத்திரி 1 மணிக்கு 'எல்லாத்துக்கும் தேங்க்ஸ், பை'ன்னு மெசேஜ் வருது. என்ன செய்யணும்?"

உடனே கூப்பிடுங்கள். எடுத்தால் முதல் கேள்வி "எங்க இருக்க?", இரண்டாவது "ஏதாவது சாப்பிட்டியா, பண்ணிக்கிட்டியா?". எடுக்காவிட்டால் அதே வீட்டில் இருக்கும் பெரியவரை எழுப்புங்கள். முடியாவிட்டால் அவசர எண்ணுக்குப் பெயர், வயது, முகவரி, வந்த மெசேஜின் வார்த்தைகள். இன்னொரு ஃபோனிலிருந்து இதைச் செய்துகொண்டே பிள்ளையோடு பேச்சை அறுக்காமல் வைத்திருக்க முடிந்தால் நல்லது. இதற்காகத்தான், பணியில் எப்போதும் இரண்டு பேர் என்கிறோம். மெசேஜை ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிடுங்கள், அழித்துவிடுவார்கள்.

இந்த மெசேஜ் பெரும்பாலும் உங்களுக்கு வராது, இன்னொரு 15 வயதுப் பிள்ளைக்குத்தான் வரும். அதனால் பிள்ளைகளுக்குச் சொல்லித்தர வேண்டியது ஒன்றே ஒன்று: சிநேகிதனைக் காப்பாற்றுவது உன் வேலை இல்லை, ஒரு பெரியவரை எழுப்புவதுதான் உன் வேலை. நட்பு முறிந்தாலும் சரி.

15. "ஆஸ்பத்திரியிலருந்து வந்துட்டான். கண்டம் தாண்டிட்டோம், இல்லையா?"

இல்லை. வீடு திரும்பிய முதல் சில வாரங்கள்தான் ஆபத்து மிகுந்தவை. முதல் வாரத்துக்குள் மறுசந்திப்புக்கு நேரம் வாங்காமல் மருத்துவமனையைவிட்டுக் கிளம்பாதீர்கள். மனச்சோர்வு மருந்து தொடங்கியிருந்தால் முதல் வாரங்களில் அமைதியின்மையோ புதிதாகத் தற்கொலை எண்ணமோ வருகிறதா என்று பாருங்கள். 2004-லிருந்து அமெரிக்க மருந்து நிர்வாகம் இளவயதினருக்கு இந்த எச்சரிக்கையை அந்த மருந்துகளில் போடவைத்திருக்கிறது. அதற்காக நீங்களே மருந்தை நிறுத்தக் கூடாது, மருத்துவரைக் கூப்பிட வேண்டும்.

அக்கம்பக்கத்தார் செய்யக்கூடியது மிக எளிது. ஜெரோம் மோட்டோ என்ற மனநல மருத்துவர் சான் பிரான்சிஸ்கோவில், மருத்துவமனையிலிருந்து வந்தபின் தொடர் சிகிச்சையில் இல்லாத 843 பேரில் ஒரு பகுதியினருக்கு, எதையும் கேட்காத சிறு கடிதங்களை 5 வருடம் அனுப்பவைத்தார். கடிதம் பெற்றவர்களிடையே முதல் இரண்டு ஆண்டுகளில் தற்கொலைகள் குறைந்தன. "ஞாபகம் வந்துச்சு, சும்மா அனுப்புறேன், பதில் போட வேண்டாம்." இவ்வளவுதான் மெசேஜ். "மருந்து சாப்பிட்டியா?" என்று ஒரு வால் சேர்த்தால் அது கண்காணிப்பாகிவிடும்.

16. "ஸ்கூல்ல ஒரு பையன் இறந்துட்டான். மத்த பிள்ளைங்ககிட்ட என்ன சொல்றது?"

குடும்பம் அனுமதித்தால் உண்மையை, சின்னச் சின்ன வகுப்புகளாக, தெரிந்த ஆசிரியரின் வாயால். அரங்கத்தில் மொத்தமாகக் கூட்டிச் சொல்ல வேண்டாம். எப்படி, எங்கே என்ற விவரம் வேண்டாம். "பரீட்சையில் ஃபெயில், அதனால்" என்று ஒற்றைக் காரணமும் வேண்டாம். அதே பரீட்சையில் தோற்ற இன்னும் முப்பது பேர் கேட்டுக்கொண்டிருப்பார்கள். பெரிய நினைவுச்சின்னம், தியாகி போன்ற பேச்சு கூடாது. நெருங்கிய நண்பர்கள், கடைசியாகச் சண்டை போட்டவர்கள், முன்பே முயற்சி செய்தவர்கள் என ஒரு பட்டியல் போட்டு, அந்த வாரமே ஒவ்வொருவரையும் தனித்தனியாகப் பாருங்கள்.

17. "நாங்களும் எங்க பகுதியில ஒரு குழு ஆரம்பிக்கலாமா?"

ராத்திரி ஃபோனில் ஆலோசனை சொல்லச் சம்மதித்த ஒரு மனநல நிபுணர் கிடைக்கும்வரை ஆரம்பிக்க வேண்டாம். அவர் இல்லாமல் தொடங்கும் குழு முதல் பெரிய நெருக்கடியில் உடைந்துபோகும். கிடைத்துவிட்டால்: குழுவுக்கென்று தனி எண், சொந்த எண் கூடாது. 24 மணி நேரம் முடியாவிட்டால் எத்தனை மணிவரை என்று வெளிப்படையாகப் போட்டு, மற்ற நேரத்துக்கு உதவி எண்ணைத் தரும் தானியங்கிப் பதில். பிள்ளையோடு மூடிய அறையில் தனியாக யாரும் இருக்கக் கூடாது, தனியாக வண்டியில் ஏற்றக் கூடாது. சேரும் ஒவ்வொருவரின் பின்னணியும் சரிபார்க்கப்பட வேண்டும். தவறான ஆட்கள் இப்படிப்பட்ட குழுக்களைத் தேடித்தான் வருவார்கள்.

பயிற்சியில் பாதி நேரம் விரிவுரையாக இல்லாமல் நடித்துப் பார்ப்பதாக இருக்கட்டும். "செத்துடலாம்னு தோணுதா?" என்ற வாக்கியத்தை இருபது முறையாவது வாய்விட்டுச் சொன்னவருக்குத்தான் அந்த நேரத்தில் குரல் வரும். மருத்துவர்கள், மருத்துவமனைகளின் பட்டியலை 3 மாதத்துக்கு ஒருமுறை கூப்பிட்டுச் சரிபாருங்கள்.

18. "ஒப்படைச்சுட்டு வந்துட்டேன். அந்தப் பொண்ணு என்ன ஆனாளோன்னு தூக்கமே வரல."

பல சமயம் உங்களுக்குத் தெரியவே வராது; மருத்துவமனை சொல்லாது, குடும்பம் சொல்ல விரும்பாது. அன்றைக்கே, 24 மணி நேரத்துக்குள், குழுவில் ஒருவரோடு உட்கார்ந்து என்ன நடந்தது, என்ன செய்தேன், எங்கே தடுமாறினேன் என்று பேசிவிடுங்கள். குறிப்பேட்டில் எழுதியதும் அதைப் பூட்டிவிட்டு வாருங்கள், வீட்டுக்குக் கொண்டுபோகாதீர்கள். ஒரு வாரம் தாண்டியும் தூக்கம் வரவில்லை என்றால், குழுவின் பணி முறைப்பட்டியலில் இருந்து உங்கள் பெயரை இரண்டு வாரத்துக்கு எடுக்கச் சொல்லுங்கள். காரணம் சொல்ல வேண்டியதில்லை, யாரும் கேட்கவும் கூடாது.